கொடுக்க வேண்டியவர் யார்?
(யூபிலி விழாக் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



ஆணும் பெண்ணும் சமம் என்று மேடையில் பேசாதவர் இல்லை. ஆனால் அந்தச் சமத்துவம் ஒரு நாட்டிற்கு எப்படி வருகிறது? செல்வமும் கல்வியும் பெருகினால் தானே வந்துவிடுமா? வராது என்பதற்கு ஐரோப்பாவின் இரு சிறு நாடுகளைச் சான்றாக வைக்க விரும்புகிறோம்.

முதலாவது, சுவிட்சர்லாந்து. குடியாட்சிக்குப் பேர்போன செல்வ நாடு. முக்கியமான சட்டங்களை மக்களே வாக்களித்து முடிவு செய்வது அங்கே வழக்கம். ஆனால் நெடுங்காலம் 'மக்கள்' என்றால் ஆண்கள் மட்டுமே! நியூசிலாந்துப் பெண்கள் 1893-லேயே வாக்குரிமை பெற்றனர். சுவிட்சர்லாந்திலோ 1959-ல் ஆண்களிடம் கேட்டபோது, ஏறத்தாழ மூவரில் இருவர் 'வேண்டாம்' என்றனர். 1971-ல் மீண்டும் கேட்டபோது, ஏறத்தாழ மூவரில் இருவர் 'தரலாம்' என்றனர். பன்னிரண்டு ஆண்டுகளில் பெண்களின் தகுதியா மாறியது? இல்லை, ஆண்களின் மனம் மாறியது.

அதன் பின்னும் அப்பன்செல் இன்னர்ரோடன் என்ற மாநிலத்தில், மாநிலக் காரியங்களில் பெண்களுக்கு வாக்கில்லை. அங்கே ஆண்கள் இடையில் வாள் அணிந்து, திறந்த வெளியில் கூடி, கை உயர்த்தி வாக்களிப்பர். 1990 ஏப்ரலிலும் அவர்கள் மறுத்தனர். அவ்வாண்டு நவம்பரில் நாட்டின் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பின்னரே வழி பிறந்தது. அது பெரும்பாலும் கத்தோலிக்கர் வாழும் மாநிலம் என்பதை நாம் மறைக்கலாகாது. பெண் என்பதற்காக ஒருவரைத் தாழ்த்துவது இறைவனின் திட்டத்திற்கு முரண் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-லேயே அறிவித்துவிட்டது. கோவிலில் கேட்டது திடலுக்குப் போய்ச் சேர இருபத்தைந்து ஆண்டுகள்!

இரண்டாவது, ஐஸ்லாந்து. 1975 அக்டோபர் 24 அன்று, அந்நாட்டுப் பெண்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் வேலைக்குப் போகவில்லை, சமைக்கவில்லை, பிள்ளைகளைப் பார்க்கவில்லை. தகப்பன்மார் பிள்ளைகளை அலுவலகத்திற்கு அழைத்துக்கொண்டு போனார்கள். தாங்கள் அன்றாடம் எதன்மேல் நிற்கிறார்கள் என்பதை ஒரே நாளில் கண்டார்கள். மறு ஆண்டே சமத்துவச் சட்டம் வந்தது. 1980-ல் விக்டிஸ் பின்பொகாடொட்டிர் என்ற பெண்மணியைக் குடியரசுத் தலைவராகத் தேர்ந்தெடுத்தனர். எனினும் ஊதிய வேறுபாடு தீரவில்லை என்று 2023-ல் பெண்கள் மீண்டும் வேலையை நிறுத்தினர். சட்டம் ஒரு நாளில் வரும்; வழக்கம் மெல்லத்தான் மாறும்.

நம் நாட்டிலோ முதல் பொதுத் தேர்தலிலேயே பெண்களுக்கு வாக்குரிமை இருந்தது. ஆயினும் வடமாநிலங்களில் பல பெண்கள், 'இன்னாரின் மனைவி', 'இன்னாரின் தாய்' என்றே பதிவு செய்துகொண்டனர். சொந்தப் பெயர் தராததால் ஏறக்குறைய 28 லட்சம் பெயர்கள் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. உரிமை ஏட்டில் இருந்தது. அதைப் பெறுவதற்குப் பெயர் இல்லை!

ஆகவே ஆண்மக்களே, இது உங்களுக்குச் சொல்லும் செய்தி. நம் வீட்டில் கடைசியில் உண்பவர் யார்? மகனுக்கும் மகளுக்கும் படிப்பில் ஒரே அளவா? கோவிலைப் பெருக்கி, பூ அலங்கரிக்கும் தாய்மார்களில் எத்தனை பேர் பங்குப் பேரவையில் வாய் திறந்து பேசுகிறார்கள்?

விவிலியத்தில் யூபிலி என்பது, கைமாறிப்போன நிலம் உரியவரிடமே திரும்பிச் சேரும் ஆண்டு. வாங்க வேண்டியவர் கெஞ்சும்வரை காத்திராமல், கொடுக்க வேண்டியவர் முன்வந்து கொடுப்பதே அதன் அழகு. அதை நம் இல்லத்தில் இன்றிரவே தொடங்குவோமாக.