காதுக்கு ஒரு காவல்



தொப்பூர்க் கணவாயில் இரவும் பகலும் லாரிகள் உறுமிக்கொண்டு செல்கின்றன. அந்த ஓசை எங்களுக்குப் பழகிவிட்டது என்று ஊரார் சொல்வது வழக்கம். காது எதற்கும் பழகுவதில்லை என்பதை என் பழைய மாணவன் ஒருவன் எனக்குக் கற்பித்தான்.

கல் உடைக்கும் ஆலையில் பல ஆண்டு உழைத்த அவன், சென்ற தை மாதம் என்னைக் காண வந்திருந்தான். திண்ணையில் அமர்ந்திருந்தவனைப் பின்னின்று இருமுறை அழைத்தேன், திரும்பவில்லை. “இது என்ன அலட்சியம்?” என்று கடிந்தேன். அவன் பதறி எழுந்து, “எதிரில் நின்று பேசினால் குரல் கேட்கிறது ஐயா, சொல்தான் விளங்கவில்லை” என்றான். அவனுக்கு நாற்பது வயதுகூட நிரம்பவில்லை. அன்று வெட்கப்பட்டவன் நானே.

உட்செவியில் நத்தைக்கூடு போன்ற ஓர் உறுப்பு உண்டு. ஒலியை உணரும் நுண்ணிய மயிரணுக்கள் ஏறத்தாழ 15,000 அதில் உள்ளன. பேரிரைச்சலால் அவை அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. உச்ச ஒலிகளை உணரும் ஆற்றலே முதலில் குறைகின்றது. ஆகவே உயிரோசை கேட்கும். ச, த போன்ற வல்லின ஒலிகள் மங்கிவிடும். வெனிஸ் நகரத்துச் செம்புக் கொல்லர்கள் செவிடாவதை 1713-இலேயே ரமஸ்ஸினி என்னும் மருத்துவர் எழுதிவைத்தார்.

நம் நாட்டுத் தொழிற்சாலை விதிகள் 90 டெசிபெல் இரைச்சலில் நாளொன்றுக்கு 8 மணி நேரமும், 100 டெசிபெல் ஆனால் 2 மணி நேரமுமே வேலை செய்யலாம் என வரம்பு வகுத்தன. இரைச்சலால் வரும் செவிப்புலன் இழப்பு, 2020-ஆம் ஆண்டுத் தொழிற்பாதுகாப்புச் சட்டத்தொகுப்பின் நோய்ப் பட்டியலிலும் இடம்பெற்றுள்ளது.

இயந்திரத்தின் இரைச்சலைக் குறைப்பதே முதற்கடமை. அது இயலாத இடத்தில் உதவுவது நுரைப்பஞ்சுக் காதடைப்பான். அமெரிக்கரான ராஸ் கார்ட்னர் 1967-இல் கண்டறிந்த நுரைப்பொருளிலிருந்து அது உருவாயிற்று. அழுத்தினால் சுருங்கி, மெல்ல மெல்லப் பழைய வடிவம் பெறுவதே அதன் இயல்பு.

அதனைச் செருகவும் முறை உண்டு. கையைக் கழுவிக்கொள்ளுங்கள். அடைப்பானை விரல்களிடையே உருட்டி, மெல்லிய திரிபோல் ஆக்குங்கள். மற்றொரு கையைத் தலைக்குப் பின்னே கொண்டுவந்து, காதுமடலை மேலும் பின்னும் இழுத்துச் செருகுங்கள். அது விரிந்து நிறையும்வரை அரை நிமிடம் விரலால் பிடித்திருங்கள். மேலாக ஒட்டிவைத்தால் பயன் மிகக் குறைவு. எட்டு மணி நேர வேலையில் சிறிது நேரம் கழற்றினாலும் காவல் வெகுவாகக் குறைந்துபோகும். அழுக்கடைந்ததை மீண்டும் அணியலாகாது.

என் மாணவன் இழந்த செவிப்புலன் திரும்பாது. அவன் தம்பியும் அதே தொழிலில் இருக்கின்றான். அவ்விருவருக்கும் அன்று இம்முறையைச் செய்துகாட்டினேன். அன்பர்களே, உங்கள் இல்லத்திலும் தறியிலோ கல்லாலையிலோ உழைப்பவர் இருக்கலாம். இன்றிரவே அவரிடம் இதனைச் சொல்லுங்கள். உங்கள் சொல் அவருக்குத் தெளிவாகக் கேட்கும்போதே சொல்லிவிடுங்கள்.