உப்பு நீரும் உறைநிலையும்



குல்பி விற்பவரின் பெட்டியை எட்டிப் பார்த்ததுண்டா? பனிக்கட்டித் துண்டுகளின்மேல் கல்லுப்பைத் தாராளமாகத் தூவியிருப்பார். பாலை உறையவைக்கப் பனிக்கட்டி போதாதா, உப்பு எதற்கு என்று கேட்டால், "உப்புப் போடாவிட்டால் குல்பி கட்டாது" என்பார். அனுபவம் அவருக்கு விடையைத் தந்திருக்கிறது. காரணத்தை நாம் காண்போம்.

தூய நீர் 0 பாகை சென்டிகிரேடில் உறைகிறது. அந்நிலையில் பனிக்கட்டியும் நீரும் கலந்திருக்கும்போது, பனிக்கட்டியை விட்டு மூலக்கூறுகள் நீருக்குள் செல்கின்றன. அதே அளவில் நீரிலிருந்து வந்து பனிக்கட்டியில் ஒட்டிக்கொள்கின்றன. வரவும் செலவும் சமம். நீரில் உப்பைக் கரைத்தால் செலவு குறைவதில்லை; வரவு குறைந்துவிடுகிறது. ஏனெனில், நீர் மூலக்கூறுகளுக்கிடையே அந்நியத் துகள்கள் புகுந்து இடம் பிடித்துக்கொண்டன. ஆகவே பனிக்கட்டி உருகுகிறது. உருகுவதற்கு வேண்டிய வெப்பத்தைச் சுற்றுப்புறத்திலிருந்தும் கலவையிலிருந்துமே எடுத்துக்கொள்வதால் குளிர் மிகுகிறது. உப்பும் பனிக்கட்டியும் தக்க அளவில் சேர்ந்தால், சுழிக்குக் கீழே ஏறத்தாழ 21 பாகை வரையில் இறங்கலாம். பால் உறைய அது போதாதா?

கொதிப்பதிலும் இதே நியாயந்தான். கரைந்த பொருள் தான் ஆவியாகாததாயின், நீர் ஆவியாகித் தப்புவதைக் குறைக்கிறது. எனவே 100 பாகையில் கொதிக்கவேண்டிய நீருக்கு இன்னும் சற்று வெப்பம் வேண்டியிருக்கிறது. வெல்லப்பாகு காய்ச்சும் தாய்மார் இதை அறிவர். நீர் வற்ற வற்றப் பாகு மேலும் மேலும் சூடாகிப் பதம் மாறுகிறது. ஆனால், உலைநீரில் உப்பிட்டால் அரிசி விரைவில் வேகும் என்று எண்ணவேண்டா. ஒரு லிட்டர் நீரில் 10 கிராம் உப்பிட்டால் கொதிநிலை உயர்வது ஒரு பாகையில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்குதான்!

இனி, என் வாழ்வில் நேர்ந்த ஒரு தவற்றைச் சொல்லவேண்டும். 1983ஆம் ஆண்டு, நான் ஆசிரியப் பயிற்சி முடித்துப் பணியேற்ற புதிது. தாவரவியல் படித்த என்னிடம் இரசாயன வகுப்பையும் ஒப்படைத்திருந்தார்கள். ஒரு மாணவன் 100 கிராம் நீரில் 34 கிராம் சர்க்கரையும், வேறொரு 100 கிராம் நீரில் 6 கிராம் உப்பும் கரைத்து உறைநிலையை அளந்தான். இரண்டிலும் மூலக்கூறுகளின் எண்ணிக்கை ஏறத்தாழ ஒன்றே. ஆகவே உறைநிலையும் ஒன்றாகவே இறங்கவேண்டும் என்பது என் கணக்கு. சர்க்கரை நீர் சுழிக்குக் கீழே ஏறத்தாழ 2 பாகையில் உறைந்தது. உப்பு நீரோ மூன்றரைப் பாகை வரையில் இறங்கியது.

"மறுபடி பார்த்தாயா?" என்றேன். "மூன்று முறை பார்த்துவிட்டேன், ஐயா. அப்படித்தான் வருகிறது" என்றான். நான் வெப்பமானியைக் கையில் எடுத்துக்கூடப் பார்க்கவில்லை. அவனுடைய குறிப்பேட்டில் அந்த எண்ணை அடித்துவிட்டு, 2 என்று எழுதச் சொன்னேன். எழுதினான். அதற்குப் பிறகு என் வகுப்பில் அவன் ஒரு கேள்வியும் கேட்டதில்லை.

அவன் கண்டது பிழையன்று. பிரான்சு நாட்டு இரசாயன அறிஞர் ராவூல், 1880களில் பற்பல கரைசல்களின் உறைநிலையை அளந்தவர். சர்க்கரை போன்றவை ஒரு கணக்குக்கு அடங்கின. உப்புகளோ அக்கணக்குக்கு மீறி உறைநிலையை இறக்கின. ஏன்? நீரில் கரைந்ததும் உப்பு, சோடியம் என்றும் குளோரின் என்றும் இரண்டு அயனிகளாகப் பிரிந்துவிடுகிறது. ஒன்று இரண்டாவதால் விளைவும் ஏறத்தாழ இரட்டிப்பாகிறது. துகள் இன்னது என்பதைவிட, எத்தனை துகள் என்பதே இங்கு முக்கியம். இவ்விளக்கத்தை 1887இல் வெளியிட்டவர் சுவீடன் நாட்டு அர்ரீனியஸ். அவர் 1884இல் உப்சாலா பல்கலைக்கழகத்தில் கொடுத்த ஆய்வுரையைத் தேர்வாளர்கள் மிகத் தாழ்வாகவே மதிப்பிட்டார்கள். 1903இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இதை நான் முறையாகப் படித்துத் தெரிந்துகொண்டபோது, அம்மாணவன் பள்ளியை விட்டுப் போய்விட்டான். அவனுடைய குறிப்பேடு மட்டும் அலமாரியில் இருந்தது. அடித்த எண்ணின் பக்கத்தில், "இதுவே சரி" என்று எழுதிக் கையொப்பமிட்டேன். அதைப் படிக்க அவன் அங்கே இல்லை.

மாணவர்களே, கருவியைச் சோதியுங்கள். அளவை மறுபடி பாருங்கள். அதன் பின்னும் எண் மாறவில்லையானால், ஆசிரியர் சொன்னாலும் அதை அடித்துவிடாதீர்கள். பணிவோடு, "ஐயா, தாங்களும் ஒருமுறை பாருங்கள்" என்று வெப்பமானியை அவர் கையில் கொடுங்கள்.