பிரியும் முன்னே ஒரு பதிவு

(கொல்லிமலை செம்மேட்டில் நடைபெற்ற முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"பாட்டைப் பத்தி ஏதாவது பேசுங்க, ஆனா சுருக்கமா பேசுங்க" என்று செயலாளர் உத்தரவு. கொல்லிமலையில் நின்றுகொண்டு பாட்டைப் பற்றிப் பேசுவதென்றால் வல்வில் ஓரியை விட்டுவிட்டுப் பேச முடியாது. புறநானூற்றின் 152-ஆம் பாட்டில் வன்பரணர் ஒரு காட்சியைச் சொல்கிறார். பாணர் கூட்டம் ஒன்று காட்டு வழியே வருகிறது. ஒரே அம்பில் யானை முதல் உடும்பு வரை வீழ்த்திய வேட்டுவன் எதிர்ப்படுகிறான். அவன் ஓரியா, வேறொருவனா என்று அவர்களுக்கு உறுதியாகத் தெரியாது. ஆனாலும் யாழைச் சுருதி கூட்டு, முழவுக்கு மண் பூசு, தூம்பை ஊது, எல்லரியைத் தட்டு, ஆகுளியை எடு, பதலையை மெல்ல வாசி என்று அங்கேயே கச்சேரி தொடங்கிவிடுகிறது. அரண்மனை வாசல் வரட்டும் என்று காத்திருக்கவில்லை. இன்றைய பேச்சில் சொன்னால் அது ஒரு 'பேண்ட்'. அந்த இசை போய்விட்டது. ஒருவர் எழுதி வைத்ததால் அந்தக் குழு இருந்தது என்பது மட்டும் நமக்குத் தெரிகிறது.

இப்போது இன்னொரு குழுவைச் சொல்கிறேன். ஊர் கொஞ்சம் தூரம், அமெரிக்காவின் கலிஃபோர்னியா கடற்கரை. பெயர் 'டிசென்டன்ட்ஸ்'. இவர்கள் வாசித்ததை இன்று 'பாப் பங்க்' என்கிறார்கள். 'பங்க்' என்றால் என்ன என்று தாத்தா வயதில் இருக்கிற நண்பர்கள் கேட்கக்கூடும். 1976-இல் 'ரமோன்ஸ்' என்ற நியூயார்க் குழுவின் முதல் தொகுப்பு வந்தது. 14 பாட்டு, அரை மணி நேரம்கூட இல்லை. பெரிய வித்தை எதுவும் கிடையாது. நாலைந்து சுரக்கட்டு, அசுர வேகம், மனசில் இருப்பதை அப்படியே கத்துவது. அந்த வேகத்தோடு, வீட்டில் முணுமுணுக்கக்கூடிய மெட்டும் சேர்ந்தால் அது பாப் பங்க்.

டிசென்டன்ட்ஸ் குழுவில் நாலு பேர். பாடியவர் மைலோ ஆக்கர்மன். கிடார் ஃபிராங்க் நவெட்டா. டிரம்ஸ் பில் ஸ்டீவன்சன். பேஸ் கிடார் டோனி லொம்பார்டோ. இவர் மற்ற மூவரையும்விட வயதில் ரொம்ப மூத்தவர், தபால் துறை ஊழியர். சின்னப் பசங்களோடு நமக்கென்ன என்று ஒதுங்காமல் வந்து வாசித்தார்.

நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது மைலோ உயிரியல் படிக்கக் கல்லூரிக்குக் கிளம்ப வேண்டியதாயிற்று. நம்ம ஊராக இருந்தால் "சரிடா, லீவுல பார்க்கலாம்" என்று முடிந்திருக்கும். அவர்கள் 1982 ஜூனில் ஒலிப்பதிவுக் கூடத்துக்குப் போனார்கள். 15 பாட்டு, மொத்தம் ஏறக்குறைய 22 நிமிடம். காரவள்ளியில் வண்டி ஏறும்போது போட்டால், 70 கொண்டை ஊசி வளைவும் முடிவதற்குள் முழுத் தொகுப்பும் கேட்டுவிட்டு, மறுபடி முதலிலிருந்து போடலாம். தொகுப்புக்கு வைத்த பெயரே 'மைலோ கோஸ் டு காலேஜ்', அதாவது மைலோ காலேஜுக்குப் போகிறான்! பள்ளியில் அவரைப் 'படிப்ஸ்' என்று கேலி செய்து ஒரு தோழர் படம் வரைவாராம். அந்தக் கண்ணாடிக்காரப் பையனின் கேலிச்சித்திரம்தான் அட்டையில் வந்தது. பின்னட்டையில் தொகுப்பை மைலோவுக்கே காணிக்கையாக்கியிருந்தார்கள். நாம் கொடுக்கிற வழியனுப்பு விழா மாதிரிதான். நாம் மாலை போட்டோம், அவர்கள் பாட்டுப் போட்டார்கள். இன்று பாப் பங்க் வரலாற்றை எழுதுகிறவர்கள் இந்தத் தொகுப்பைத் தாண்டிப் போவதில்லை.

"பாட்டு, கூத்துன்னு போனா படிப்பு என்னாகும்?" என்று முன்வரிசையில் இருக்கும் ஐயா கேட்பது எனக்குக் கேட்கிறது. மைலோ உயிரியலில் முனைவர் பட்டம் வாங்கினார். தாவர மூலக்கூறு உயிரியல் ஆய்வாளராக டூபாண்ட் நிறுவனத்தில் 2016 வரை வேலை பார்த்தார். இடையிடையே வந்து பாடினார். 'ஆஃப்ஸ்பிரிங்' குழுவின் பாடகர் டெக்ஸ்டர் ஹாலண்டும் 2017-இல் மூலக்கூறு உயிரியலில் முனைவரானவர்.

அவ்வளவு தூரம் ஏன்? நம்ம கோயம்புத்தூர் ஆதி இருக்கிறார். இசை வகை வேறு, ராப். ஆனால் துணிச்சல் ஒன்றுதான். ஆதியும் ஜீவாவும் சேர்ந்த 'ஹிப்ஹாப் தமிழா' 2012-இல் 'ஹிப் ஹாப் தமிழன்' என்ற முதல் தொகுப்பைக் கொண்டுவந்தது. சினிமாப் படம் எதுவும் இல்லாமல் வந்த தமிழ்ப் பாட்டு. சினிமா பிறகுதான் இவர்களைத் தேடி வந்தது. ஆதி பொறியியல் படித்தவர். 2023-இல் முனைவர் பட்டமும் பெற்றார். எல்லாரும் முனைவராக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. தபால்காரராக இருந்தாலும் வாசிக்கலாம் என்று லொம்பார்டோ காட்டியிருக்கிறார்.

டிசென்டன்ட்ஸ் கதையில் எனக்கு மிகவும் பிடித்தது இனிமேல்தான் வருகிறது. மைலோ வருவதற்கு முன்பிருந்தே அந்தக் குழுவிடம் பதிவாகாத பழைய பாட்டுகள் இருந்தன. 2002-இல் கூடி, வாத்தியப் பகுதியை மட்டும் பதிவு செய்தார்கள். 2008-இல் நவெட்டா காலமானார். மைலோ 2020-இல் தன் குரலைச் சேர்த்தார். 2021-இல் '9த் அண்ட் வால்நட்' என்று தொகுப்பு வெளிவந்தது. அது அவர்களுடைய பழைய ஒத்திகை அறை இருந்த தெருமுனையின் பெயர். நவெட்டா போய் 13 வருடம் கழித்து அவருடைய கிடார் புதிதாக ஒலித்தது. 2002-இல் "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று விட்டிருந்தால்?

நம்ம கல்லூரி ஆண்டு விழாக்களில் எத்தனை குழு மேடை ஏறியிருக்கிறது! சொந்தமாக மெட்டுக் கட்டியவர்கள், விடுதிச் சாப்பாட்டைக் கிண்டலடித்துப் பாடியவர்கள், இந்த மலையிலிருந்து வந்து சாமை, தினை விதைக்கிற பாட்டைப் பாடிய பிள்ளைகள். கைதட்டல் வாங்கினார்கள், டி.சி. வாங்கினார்கள், போய்விட்டார்கள். அவர்களில் சிலர் இன்று நம்மோடு இல்லை. குரூப் போட்டோ இருக்கிறது, குரல் இல்லை.

ஆகவே சங்கத்தின் முன் ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு வருடமும் இறுதியாண்டு மாணவர்கள் பிரிவதற்கு முன், அவர்களுடைய சொந்தப் பாட்டுகளைப் பதிவு செய்து ஒரு தொகுப்பு வெளியிடுவோம். சினிமாப் பாட்டு வேண்டாம். அது ஏற்கெனவே பதிவாகித்தான் இருக்கிறது. செலவைச் சங்கம் ஏற்கட்டும். நம்மில் ஒலிப்பதிவு தெரிந்தவர்கள், வாத்தியம் வாசிப்பவர்கள், வயதைப் பார்க்காமல் பசங்களோடு போய் உட்காரட்டும். ஒரு பிரதி நூலகத்தில் இருக்கட்டும்.

தம்பி தங்கைகளே, நல்லா வரணுமே என்று பயப்படாதீங்க. பெரிய வாய்ப்பு வரட்டும் என்றும் காத்திருக்காதீங்க. கையில் இருக்கிற வாத்தியத்தோடு, கூட இருக்கிற ஆட்களோடு இந்த வருடமே செய்யுங்க. அடுத்த ஜூனில் அந்த நாலு பேரும் நாலு ஊரில் இருப்பார்கள்.