வீரனும் வெடிகுண்டும்

(விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் இளைஞர்கள், வணிகர்கள் முன்னிலையில் ஆற்றிய உரையின் சுருக்கம்)

 

திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலைக்குப் பஸ் ஏறினால் வழியில் செஞ்சிக் கோட்டை தெரியும். அந்தக் கோட்டையின் ராஜா தேசிங்கு, 1714-ல் ஆற்காட்டு நவாபை எதிர்த்துக் களத்தில் விழுந்தவன். தகராறு கப்பப் பாக்கியைப் பற்றியது என்கிறது சரித்திரம். பாட்டுக் கட்டியவர்களோ அதை மானப் போராக்கி, அவனை மாவீரனாக்கி விட்டார்கள். அவனுடைய உயிர்த் தோழன் மகபத்கான் கல்யாணப் பந்தலை விட்டெழுந்து களத்துக்குப் போனான் என்கிறது கதை. எதிரில் நின்ற நவாபும் முஸ்லிம்தான் என்பதைக் கவனியுங்கள்!

இந்த இருவரையும் ஊர் ஏன் கொண்டாடுகிறது? ஆயுதம் ஏந்தி எதிரே நின்ற படையோடு, தங்கள் உயிரைப் பணயம் வைத்து மோதினார்கள் என்பதால்தான்.

சினிமா பார்க்கச் சொல்ல நான் வரவில்லை. ஆனால் நீங்கள் பார்க்கிறீர்களே! 1996-ல் வந்த 'இந்தியன்' படத்தில் லஞ்சம் வாங்குகிறவர்களைக் கிழவர் சேனாபதி குத்திக் கொல்கிறார், கொட்டகை கைதட்டியது. காரணம் என்ன? கொல்லப்படுகிறவன் குற்றவாளி என்பதைக் கதாசிரியர் முன்கூட்டியே நமக்குக் காட்டி விடுகிறார். தெருவில் அப்படிக் காட்டித் தர யார் இருக்கிறார்கள்? குண்டு குற்றவாளியைத் தேடிப் போய் வெடிக்குமா?

கோவையை மறக்க முடியுமா? 1997 நவம்பரில் ஒரு போலீஸ்காரர் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து நடந்த கலவரத்திலும் துப்பாக்கிச் சூட்டிலும் 18 முஸ்லிம்கள் மாண்டார்கள். கடைகள் சூறையாடப்பட்டன. அது பச்சை அநீதி! ஆனால் 1998 பிப்ரவரி 14-ல் குண்டு வைத்தவர்கள் அந்த அநீதியைச் செய்தவர்களையா தண்டித்தார்கள்? 58 உயிர்கள் போயின. 2007-ல் தீர்ப்பு வரும்வரை நம் இளைஞர்கள் பலர் விசாரணைக் கைதிகளாகவே சிறையில் கிடந்தார்கள். 18 பேருக்குக் கேட்க வேண்டிய நியாயத்தின் குரலும் அந்தப் புகையில் அமுங்கிப் போயிற்று.

இன்னொன்றும் கேளுங்கள். இத்தாலிய ஆதிக்கத்தை எதிர்த்து 1931-ல் தூக்குமேடை ஏறிய லிபிய வீரர் உமர் முக்தாரைப் படமாக்கியவர் முஸ்தபா அக்காத். 2005-ல் அம்மான் நகர ஓட்டல்களில் வெடித்த குண்டுகள் கல்யாண விருந்தினரைக் கொன்றன. அக்காதையும் அவர் மகளையும் கொன்றன. குண்டு வைத்தவர்களும் தங்களைப் போராளிகள் என்றுதான் சொல்லிக் கொண்டார்கள்!

போர்க்களத்தில்கூடப் பெண்களையும் குழந்தைகளையும் கொல்லக் கூடாது என்று தடுத்தார்கள் பெருமானார் (ஸல்) அவர்கள். போருக்கே இந்த வரம்பு என்றால் கடைவீதிக்கு?

ஆகவே சகோதரர்களே, அநீதி நடந்தால் வாய்மூடி இருக்காதீர்கள். புகார் எழுதுங்கள், சாட்சி சொல்லுங்கள், வழக்காடுங்கள், வீதிக்கு வந்து முழங்குங்கள், வாக்குச் சீட்டைப் பயன்படுத்துங்கள். வணிகப் பெருமக்களே, வழக்குச் செலவுக்குக் கை கொடுங்கள். பழிவாங்கலாம் வா என்று உங்கள் பிள்ளையை எவனாவது இருட்டில் அழைத்தால், யாரைப் பழிவாங்க என்று அவனிடம் கேட்கச் சொல்லிக் கொடுங்கள்.

அநீதியை எதிர்க்கும் துணிவையும், வரம்பு மீறாத நிதானத்தையும் வல்ல அல்லாஹ் நமக்குத் தந்தருள்வானாக! ஆமீன்.