இன்சார்ஜ் சிஸ்டர் கேட்கும் முதல் கேள்வி



செவிலியத் தலைமையும் நலமான பணிச்சூழலும் என்ற பொருளில் இன்று கூடியிருக்கிறோம். தலைமை என்றதும் எல்லோர் கண்ணும் கண்காணிப்பாளர் அறைப் பக்கம் திரும்பும். நான் உங்களை வார்டுக்குள் அழைக்கிறேன். ஒரு வார்டில் மூச்சுவிட முடிகிறதா இல்லையா என்பது பெரும்பாலும் அங்குள்ள இன்சார்ஜ் சிஸ்டரின் கையில் இருக்கிறது.

காலை ஏழரை மணி, ஓவர் கொடுக்கும் நேரம். பணியில் சேர்ந்து சில மாதங்களே ஆன பெண் ஒருத்தி. முந்தின இரவு, அடுத்தடுத்த படுக்கையில் ஒரே பெயரில் இரண்டு நோயாளிகள். ஒருவருக்கான இன்சுலினை ஏற்றிக்கொண்டு மற்றவரிடம் போய்விட்டாள். ஊசி போடுமுன் கையில் கட்டிய பட்டையைப் பார்த்ததால் தப்பியது. யாருக்கும் எதுவும் ஆகவில்லை, யாரும் பார்க்கவும் இல்லை. இதை அவள் காலையில் சொல்வாளா? “கண்ணை எங்கே வைத்திருந்தாய்?” என்று எல்லோர் முன்னும் கேட்கும் சிஸ்டரிடம் சொல்ல மாட்டாள். “எப்படி நடந்தது, சொல்லும்மா” என்று கேட்பவரிடம் சொல்வாள். சொன்னால், அந்த இருவரில் ஒருவர் மதியத்துக்குள் வேறு படுக்கைக்கு மாறியிருப்பார்; இருவரின் கேஸ் ஷீட்டிலும் சிவப்பு அடையாளம் ஏறியிருக்கும். சொல்லாவிட்டால் அடுத்த இரவு டியூட்டிக்கு வருபவளுக்கும் அதே பள்ளம் காத்திருக்கும்.

இதற்கு ஆய்வுச் சான்று உண்டு. 1990-களில் ஏமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர் அமெரிக்காவில் இரண்டு மருத்துவமனைகளின் வார்டுகளில் மருந்துத் தவறுகளை ஆராய்ந்தார். ஒற்றுமையாக வேலை செய்யும் வார்டுகளில் தவறு குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். கணக்கு எதிர்மாறாக வந்தது: நல்ல வார்டுகளில்தான் தவறுகள் அதிகமாகப் பதிவாகியிருந்தன. இந்த முடிவு எதுவும் தெரியாத ஒருவரை அனுப்பி வார்டுகளைப் பார்த்துவரச் செய்தபோது காரணம் விளங்கியது. சில வார்டுகளில் தவறை வாய்விட்டுச் சொன்னார்கள். சிலவற்றில் பயந்து மறைத்தார்கள். இந்த வேறுபாடு வார்டுத் தலைமைச் செவிலியர் நடந்துகொண்ட விதத்தோடு பொருந்தி நின்றது. 1996-இல் வெளியான அந்தக் கட்டுரையை ஒவ்வொரு கண்காணிப்பாளரும் படிக்க வேண்டும் என்பது என் ஆசை. மாதம் முழுவதும் இன்சிடென்ட் ரிப்போர்ட் ஒன்றுகூட வராத வார்டைப் பாராட்டும் பழக்கத்தை அது நிறுத்திவிடும்.

அப்படி நடந்துகொள்ள நம் தலைமைச் செவிலியர்களைப் பழக்குகிறோமா? வேலூரில் மருத்துவர் ஐடா ஸ்கடர் செவிலியர் பள்ளி தொடங்கியது 1909-இல். 1946-இல் அங்கும் டெல்லியிலும் பட்டப்படிப்பு வந்தது. பாடத்திட்டத்தில் நிர்வாகத்துக்கு ஒரு தாளும் இருக்கிறது. ஆனால் இருபத்தொரு வயதில் எழுதிய அந்தத் தேர்வு, நாற்பது வயதில் சீனியாரிட்டிப்படி இன்சார்ஜ் பொறுப்பு வரும்போது எப்படிக் கைகொடுக்கும்? சாவிக் கொத்தையும் ஸ்டாக் ரிஜிஸ்டரையும் ஒப்படைக்கிறோம். டியூட்டி ரோஸ்டரை ஓரவஞ்சனை இல்லாமல் போடுவதற்கும், அழுகிற ஜூனியரிடம் பேசுவதற்கும், நோயாளிகள் முன்னால் கத்தும் சர்ஜனிடம் “சார், அறைக்கு வந்து பேசலாம்” என்று நிதானமாகச் சொல்வதற்கும் யார் பழக்கினார்கள்? பொறுப்பேற்குமுன் ஒரு மாதமாவது, நன்றாக நடக்கும் வேறொரு வார்டின் இன்சார்ஜோடு கூடவே இருந்து கற்க ஏற்பாடு வேண்டும். இரண்டு நாள் பயிலரங்கும் சான்றிதழும் அதற்கு ஈடாகாது.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ஆள் பற்றாக்குறையை மூடிமறைக்கத் தலைமைப் பயிற்சி திரையாகிவிடக் கூடாது. பென்சில்வேனியாவின் 168 மருத்துவமனைகளை ஆராய்ந்து லிண்டா எய்கன் குழு 2002-இல் வெளியிட்ட முடிவு நமக்குத் தெரியும்: ஒரு செவிலியர் கவனிக்கும் நோயாளிகளில் ஒருவர் கூடும்போதெல்லாம், அறுவை சிகிச்சை நோயாளிகள் 30 நாளில் இறக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 7 விழுக்காடு கூடுகிறது. வார்டு நிரம்பி வழியும் இரவில் இரண்டே பேரை நிறுத்திவிட்டு, புன்னகையோடு வேலை செய்யுங்கள் என்று சொல்வது அநியாயம். 2017 நவம்பரில் சென்னையில் மருத்துவப் பணிகள் இயக்ககம் இருக்கும் டி.எம்.எஸ். வளாகத்தில் சம ஊதியம் கேட்டுத் திரண்ட ஒப்பந்தச் செவிலியர்களை நான் மறக்கவில்லை. ஒரே வார்டில், ஒரே வேலையில், இரண்டு விதமான ஊதியம் இருக்கும்போது மனத்தாங்கல் வரத்தான் செய்யும். இன்சார்ஜால் ஊதியத்தை மாற்ற முடியாது. ஆனால் இத்தனை நோயாளிக்கு இத்தனை பேர் போதாது என்று மேலிடத்துக்கு எழுத்தில் தெரிவிக்க முடியும். அப்படி எழுதுபவருக்கு மெமோ வராமல் பார்த்துக்கொள்வது இந்த மேடையில் அமர்ந்திருக்கும் நம் கடமை.

இன்றைய அமர்வுகள் மூன்றிலும் வார்டு இன்சார்ஜ்கள் முதலில் பேசட்டும். பேராசிரியர்களும் கண்காணிப்பாளர்களும் பிறகு பேசலாம். இன்சார்ஜ்கள் சொல்வதை அப்படியே குறித்துக்கொள்ளும்படி அமர்வுச் செயலர்களைக் கேட்டுக்கொண்டு, கருத்தரங்கைத் தொடங்கிவைக்கிறேன்.