மாங்காயும் மிளகாயும்: மெக்சிகோக் கடற்கரையில் ஒரு மொழிப்பாடம்



இந்தப் பொதுச் சொற்பொழிவு வரிசையில் உரையாற்றுமாறு அழைப்பு வந்தபோது, தமிழ் வினைமுற்றுகளைப் பற்றிப் பேசுவதாகவே ஒப்புக்கொண்டிருந்தேன். பிறகு நானே தலைப்பை மாற்றித் தருமாறு வேண்டினேன். சென்ற ஆண்டு இறுதியில் என் மகள் ஏற்பாடு செய்த ஒரு குடும்ப விடுமுறைதான் அதற்குக் காரணம். மெக்சிகோ நாட்டின் கிழக்குக் கரையில் பத்து நாள் தங்கினோம். ஓய்வு பெற்றவனுக்கு ஓய்வு எதற்கு என்று கேட்டுக்கொண்டே சென்றவன், நாற்பது ஆண்டுகள் வகுப்பறையில் சொல்லிவந்த ஒன்றைப் புதிதாகக் கற்றுத் திரும்பினேன். அதனை உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

நாங்கள் தங்கிய இடம் யுகாத்தான் தீபகற்பத்தில், கன்கூன் நகருக்குத் தெற்கே, கரீபியக் கடலோரம் அமைந்த ஓர் உல்லாச விடுதி. கன்கூன் பழைய ஊர் அன்று. மெக்சிகோ அரசு திட்டமிட்டு எழுப்பிய சுற்றுலா நகரம். அங்கே முதல் விடுதிகள் 1974இல்தான் திறக்கப்பட்டன. ஆனால் பெயர் பழைய மாயா மொழிப் பெயர். பாம்புக் கூடு என்று அதற்குப் பொருள் சொல்வர்.

விடுதியில் நுழைந்ததும் மணிக்கட்டில் ஒரு பட்டையைக் கட்டிவிடுகிறார்கள். பிறகு உணவும் பானமும் கேட்டபோதெல்லாம் கிடைக்கும். வெண்மணல், நீலக்கடல், நிழற்குடை என்று எதற்கும் குறைவில்லை. இரண்டு நாள் கழிந்த பின்னர் என் தொழிற்புத்தி விழித்துக்கொண்டது. அந்த விடுதியில் மூன்று மொழிகள் மூன்று தளங்களில் வாழ்வதைக் கவனித்தேன். வரவேற்பு மேசையிலும் உணவுப் பட்டியலிலும் ஆங்கிலம். ஊழியர்கள் தங்களுக்குள்ளும் மேலாளரிடமும் பேசுவது ஸ்பானியம். விடிவதற்கு முன் கரையில் ஒதுங்கிய கடற்பாசியை வாரிக்கொண்டிருந்த தொழிலாளர் சிலர் தாழ்ந்த குரலில் பேசியது மூன்றாவது மொழி, யுகாத்தேக் மாயா. அந்த மண்ணின் மொழி அதுதான். விடுதியின் மண்டபங்களுக்கும் குளியல் தைலங்களுக்கும் மாயாப் பெயர்கள் சூட்டியிருந்தார்கள். பெயர்ப்பலகையில் மாயாவுக்கு முதலிடம், பேச்சில் கடைசி இடம். இந்தக் காட்சி நமக்கும் முற்றிலும் அயலானதன்று என்பதை இங்குள்ளோர் அறிவீர்கள்.

மூன்றாம் நாள் பக்கத்து ஊரான பிளாயா டெல் கார்மெனுக்குச் சென்றோம். கடற்கரையில் ஒருவர் மாம்பழத்தைக் குச்சியில் செருகி, பூவிதழ்போலக் கீறி, எலுமிச்சைச் சாறு பிழிந்து, உப்பும் மிளகாய்த்தூளும் தூவி விற்றுக்கொண்டிருந்தார். என் மனைவி அதைக் கடித்துவிட்டு, “மெரினாவுக்கு வந்துவிட்டோமா?” என்றார். ஒன்பது வயதுப் பேரன் ரோஜாக் போலிருக்கிறது என்றான். விற்பவரிடம் அதன் பெயரைக் கேட்டேன். “மாங்கோ” என்றார்.

அந்தச் சொல் நம்முடையது. மலபார்க் கரையில் மாங்கா என்று கேட்டதைப் போர்த்துகீசியர் தம் மொழியில் ஏற்றுக்கொண்டனர். அங்கிருந்து ஸ்பானியமும் ஆங்கிலமும் பெற்றன. மலாய் மொழியின் மங்கா என்பதும் அதே வேரினது. மணிலாவுக்கும் மெக்சிகோவின் அகபுல்கோ துறைமுகத்துக்கும் இடையே 1565 முதல் 1815 வரை ஸ்பானியக் கப்பல்கள் ஓடின. மெக்சிகோவில் இன்றும் ஒரு மாம்பழ வகைக்கு மணிலா என்றே பெயர்.

ஆனால் அந்த மாம்பழத்தின்மேல் தூவிய மிளகாய் அவர்களுடையது. மெக்சிகோ மண்ணில் பயிராகிப் போர்த்துகீசியர் வழியாக நம்மிடம் வந்தது. வந்த பொருளுக்கு நம் முன்னோர் வைத்த பெயரைப் பாருங்கள். மிளகைப் போல் உறைக்கும் காய், ஆகவே மிளகாய். அயற்பொருளுக்குச் சொந்தச் சொல். தக்காளி இன்னொரு வழி. நம் நாட்டில் ஏற்கெனவே இருந்த ஒரு சிறு செடியின் பெயரைக் கடல் கடந்து வந்த கனிக்கு நீட்டிக்கொண்டோம். சப்போட்டா மூன்றாவது வழி. மெக்சிகோவின் நாவாட்டில் மொழியில் அது த்சபோட்டில். ஸ்பானியர் வாயில் சபோத்தே ஆயிற்று, நம்மிடம் சப்போட்டா ஆயிற்று. தேக்காச் சந்தையில் நாம் சிக்கு என்று கேட்டு வாங்கும் பழமும் அதுவே. அந்த மலாய்ச் சொல்லும் ஸ்பானிய வழியில் வந்ததுதான். புதிதாக ஆக்குவது, பழையதை நீட்டுவது, ஒலியோடு கடன் வாங்குவது என மொழி வளரும் மூன்று வழிகளும் நம் சமையலறைக் கூடையிலேயே கிடக்கின்றன.

ஐந்தாம் நாள் உள்நாட்டில் உள்ள வயாடோலிட் நகருக்குப் புறப்பட்டோம். கரையிலிருந்து ஏறத்தாழ இரண்டு மணி நேரப் பயணம். 16ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர் சாசி என்ற மாயா ஊரின்மேல் எழுப்பிய நகரம் அது. நகரின் நடுவிலேயே, சுண்ணாம்புப் பாறை உள்வாங்கியதால் உண்டான ஆழ்ந்த நீர்நிலை ஒன்று உள்ளது. யுகாத்தானின் வடபகுதியில் ஓடும் ஆறுகள் இல்லை. மழைநீர் பாறைக்குள் இறங்கி நிலத்தடியில் ஓடுகிறது. இத்தகைய நீர்நிலைகளை மாயா மொழியில் த்சோனோட் என்பர். ஸ்பானியர் அதைச் செனோத்தே என்றனர். ஆண்டவர்கள் தம் மொழியில் இல்லாத பொருளுக்கு ஆளப்பட்டவரிடமே சொல்லைக் கடன் கேட்டனர்.

நகரச் சந்தையில் மதிய உணவு. யுகாத்தானின் புகழ்பெற்ற உணவு கொச்சினீத்தா பிபில். பன்றி இறைச்சியில் புளிப்பு ஆரஞ்சுச் சாற்றையும் செந்நிற அச்சியோத்தே விதை அரைப்பையும் பூசி, வாழையிலையில் பொதிந்து, மண்ணில் தோண்டிய குழியடுப்பில் வேகவைப்பது. என் மருமகன் அதனை உண்டார். நானும் மனைவியும் பாப்பாட்சூல் உண்டோம். சோள ரொட்டியைப் பூசணி விதைச் சாந்தில் தோய்த்து, அவித்த முட்டையை உள்ளே வைத்துச் சுருட்டித் தருவது. அந்த ரொட்டிக்கான சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து ஊறவைத்த பிறகே அரைக்கிறார்கள். அவ்வாறு செய்வதால்தான் சோளத்தில் உள்ள நியாசின் என்னும் சத்து உடலில் சேர்கிறது. பிற கண்டத்தார் சோளத்தை மட்டும் கொண்டுபோய், இந்தச் செய்முறையை விட்டுவிட்டனர். சோளமே உணவாக வாழ்ந்த ஏழை மக்கள் பெல்லாக்ரா என்னும் நோய்க்கு ஆளாயினர். பொருளை எடுத்துக்கொண்டு அறிவை விட்டுவிட்டால் நேர்வது அது.

மேசையில் இருந்த கொச்சினீத்தாவை ஒரு மொழியியலாளன் கண்ணால் பார்த்தேன். பன்றி ஸ்பானியர் கொண்டுவந்தது. புளிப்பு ஆரஞ்சு ஆசியாவுக்கு உரியது. வாழையும் நம் பக்கத்துத் தாவரம். அச்சியோத்தே அமெரிக்க மண்ணுக்கு உரியது என்றாலும் பெயர் நாவாட்டிலிலிருந்து வந்தது. மாயாவாக எஞ்சியது பிப் என்ற சொல், அதாவது மண்குழி அடுப்பு. பெயர்ச்சொற்கள் எங்கிருந்தோ வந்திருக்க, சமைக்கும் முறை மட்டும் அந்த மண்ணுக்கு உரியதாக நின்றது. ஆயினும் அந்த உணவை எவரும் கலப்புணவு என்று ஒதுக்குவதில்லை. யுகாத்தானின் உணவு என்றே உலகம் அறிகிறது. மொழியும் அத்தகையதே. கடன்சொற்களால் ஒரு மொழி சாவதில்லை. இதுவரை சொன்னவை நான் முன்பே அறிந்தவை. அறியாதது இனிமேல் வருகிறது.

எங்களுக்கு வழிகாட்டியாகவும் ஓட்டுநராகவும் வந்தவர் நாற்பது வயதுக்காரர், மாயாச் சிற்றூர் ஒன்றில் பிறந்தவர். என் ஆர்வத்தைக் கண்டு மகிழ்ந்து, முகமன் சொல்லக் கற்றுத் தந்தார். “பிஷ் அ பேல்?” என்று கேட்க வேண்டும். நலமா என்பது கருத்து. சொல்லுக்குச் சொல் பார்த்தால், “உன் வழி எப்படி இருக்கிறது?”

எண்களைச் சொல்லுங்கள் என்று கேட்டேன். நான்கு வரை மாயாவில் எண்ணினார். ஐந்திலிருந்து ஸ்பானியத்துக்கு மாறினார். அவருடைய குறை அன்று அது. இன்று பேச்சு மாயாவில் பெரும்பாலோர் அப்படித்தான் எண்ணுகின்றனர். இருபதை அடியாகக் கொண்டு, சுழியத்துக்குத் தனிக்குறி அமைத்து, வானியல் கணித்த மக்களின் வழித்தோன்றல்கள் அவர்கள்.

இதில் இலக்கண நுட்பம் ஒன்று உண்டு. மாயாவில் வெறும் எண் தனித்து நிற்காது. உயிருள்ளவற்றை எண்ணும்போது தூல் என்றும், உயிரற்றவற்றுக்குப் பெரும்பாலும் பேல் என்றும் ஓர் ஒட்டு எண்ணோடு சேரும். மலாயில் ஓராங், ஏக்கோர், புவா என்று சொல்கிறோமே, அதுபோல. நாமும் இரண்டு வீடு என்போம், இருவர் வந்தனர் என்போம். ஸ்பானிய எண்களோடு மாயாவின் ஒட்டுகள் பெரும்பாலும் சேர்வதில்லை. எனவே எண் போனபோது, அதனுடன் இருந்த இலக்கணமும் போயிற்று. இல்லாததைக் கடன் வாங்குவது வளம். இருப்பதை வைத்துவிட்டு மாற்று வாங்குவது இழப்பு. இரண்டையும் ஒரே தராசில் நிறுக்கக் கூடாது.

“உங்கள் மகளுக்கு நான்கு வரையாவது தெரியுமா?” என்று கேட்டேன். சற்று நேரம் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தார். தம் பள்ளி நாள்களில் மாயா பேசியதற்காக அடி வாங்கியதாகவும், அந்த அவமானம் மகளுக்கு வேண்டாம் என்று அவளிடம் ஸ்பானியம் மட்டுமே பேசுவதாகவும் சொன்னார். “என் தாயிடம் நான் மாயாவில் பேசுகிறேன். என் மகளிடம் ஸ்பானியத்தில் பேசுகிறேன். பாட்டியும் பேத்தியும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொள்கிறார்கள்” என்றார்.

அன்பர்களே, மாயா அருகிப்போன சிறுமொழி அன்று. 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் மெக்சிகோவில் அதைப் பேசுவோர் ஏழரை இலட்சத்துக்கும் அதிகம். சட்டமும் உண்டு. 2003இல் நிறைவேறிய மொழியுரிமைச் சட்டம் தொல்குடி மொழிகளை ஸ்பானியத்துக்கு இணையான தேசிய மொழிகளாக ஏற்றது. அடி விழுந்த காலம் போய்விட்டது. ஆனால் அடி வாங்கியவர் தந்தையாகிவிட்டார்.

மாயா எழுத்தின் வரலாற்றையும் இங்கே சொல்ல வேண்டும். 1562இல் மானி என்ற ஊரில் டியேகோ டே லாந்தா என்ற பாதிரியார் மாயா நூல்களைத் தீயிட்டார். அவரே பின்னர் ஒரு மாயா எழுத்தறிஞரை அமர்த்தி, ஸ்பானிய எழுத்துகளைப் பெயர் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் மாயாக் குறியைக் கேட்டு எழுதிக்கொண்டார். ‘பே’ என்று எழுத்தின் பெயரைச் சொன்னபோது, மாயா அறிஞர் ஒரு காலடித் தடத்தை வரைந்தார். பே என்றால் அவர் மொழியில் வழி. நெடுங்காலம் அந்தப் பட்டியலைப் பிழை என்று ஒதுக்கினர். 1952இல் லெனின்கிராடில் இருந்த யூரி க்னோரோசோவ் என்ற அறிஞர்தான், அவை தனி மெய்கள் அல்ல, உயிரும் மெய்யும் கூடிய அசைகள் என்று காட்டினார். உயிர்மெய் என்று நாம் முதல் வகுப்பில் கற்பது அது. அதே அறிஞர் 1960களில் சிந்துவெளி எழுத்தை ஆராய்ந்த குழுவையும் வழிநடத்தினார். அதன் மொழி திராவிட இனத்ததாக இருக்கலாம் என்பது அக்குழுவின் கருத்து.

நெருப்புக்குத் தப்பிய மாயா நூல்கள் மிகச் சில. எழுத்து மறைந்து, ஏறத்தாழ நானூறு ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் படிக்கப்பட்டது. எப்படி முடிந்தது? மாயா மொழி வீடுகளில் உயிரோடு இருந்ததால் முடிந்தது. எழுத்தை எரித்த தீ, தாய் பிள்ளையிடம் பேசியதை எரிக்கவில்லை. தீயால் இயலாததை, அன்பு மிகுந்த ஒரு தந்தை தம் மகளின் நன்மை கருதிச் செய்துகொண்டிருந்தார்.

அவரைக் குறை சொல்ல எனக்குத் தகுதி இல்லை. அன்று மாலை வண்டியில் திரும்புகையில், பேரன் சன்னலோரம் அமர்ந்து எதிரே வரும் பேருந்துகளை எண்ணிக்கொண்டு வந்தான். ஒன்று முதல் ஆங்கிலத்தில் எண்ணினான். நான்கு வரைகூடத் தமிழ் இல்லை. அவன் பிறந்தது முதல் என் மடியில் வளர்ந்தவன். தமிழ் மொழியியலில் முனைவர் பட்டம் பெற்ற தாத்தா அவனிடம் இத்தனை ஆண்டுகளாக எம்மொழியில் பேசினேன்? அவனுக்கு எளிதாக இருக்கட்டும் என்று ஆங்கிலத்தில் பேசினேன். என்னை எவரும் அடிக்கவில்லை. இந்நாட்டில் தமிழ் ஆட்சிமொழி. நாணயத்தில் உண்டு, பள்ளியில் உண்டு, வானொலியில் உண்டு. ஆயினும் வீட்டில் அதிகம் பேசும் மொழி தமிழ் என்று சொன்னவர்கள் 2010ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் சிங்கப்பூர்வாசிகளுள் 3.3 விழுக்காடு, 2020இல் 2.5 விழுக்காடு. அந்தக் குறைவில் என் வீடும் ஒன்று. இதைச் சொல்லத்தான் தலைப்பை மாற்றித் தருமாறு கேட்டேன்.

ஊர் திரும்பியதும் பேரனோடு ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டேன். மின்தூக்கியில் ஏறினால் மாடிகளைத் தமிழில் எண்ண வேண்டும். எங்கள் வீடு பதினொன்றாம் மாடியில். முதல் வாரம் ஆறில் நின்றான். இப்போது பதினொன்று வரை வந்துவிட்டான். சென்ற வாரம் கதவு திறந்தபோது, உள்ளே நின்றவர்களைக் காட்டி, “தாத்தா, மூன்று ஆள்” என்றான். “மூவர் என்றும் சொல்லலாம்” என்றேன். “மூவர்” என்று ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டான். பெரிய சாதனை என்று இதைச் சொல்லவில்லை. ஆனால் இதனை எந்த மன்றமும் எந்தப் பள்ளியும் எனக்காகச் செய்ய முடியாது.

வழிகாட்டியிடம் விடைபெறும்போது இதையெல்லாம் அவரிடம் சொன்னேன். என் கையைப் பற்றிக்கொண்டு, “பிஷ் அ பேல்?” என்று கேட்டார். உன் வழி எப்படி இருக்கிறது? அன்று எனக்கு விடை தெரியவில்லை. இன்று வீட்டுக்குச் சென்றதும் உங்கள் பிள்ளைகளிடமும் பேரப்பிள்ளைகளிடமும் முதற்சொல்லை எம்மொழியில் சொல்கிறீர்கள் என்று கவனித்துப் பாருங்கள் என்பதே என் வேண்டுகோள்.