ஒரு முறை செய்து பலமுறை விற்கும் பொருள்

(இளைஞர் தொழில் வழிகாட்டல் கூட்டத்தில் ஆற்றிய உரை)





கம்ப்யூட்டர் கேம்களுக்குத் தேவையான உதிரிப் பொருள்களைச் செய்து விற்பது பற்றிச் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறேன்.

வீடு கட்டுகிறவர் கதவையும் ஜன்னலையும் கடையில் வாங்குகிறார். கேம் உருவாக்குகிறவரும் அப்படித்தான். மரம், சுவர், நாற்காலி, பட்டன் படங்கள், காலடி ஓசை, மழைச் சத்தம் என்று பலவற்றைத் தயாராக வாங்கிக்கொள்கிறார். இவற்றுக்கு ‘கேம் அசெட்’ என்று பெயர். ஆசாரி செய்த கதவு ஒரு வீட்டுக்குத்தான் ஆகும். அசெட்டை ஒரு முறை செய்துவிட்டால் நூறு பேருக்கு விற்கலாம்.

இதற்கென ஆன்லைன் சந்தைகள் உண்டு. யூனிட்டி அசெட் ஸ்டோர் 2010 முதல் நடக்கிறது. எபிக் நிறுவனத்தின் ஃபேப் 2024இல் வந்தது. 10 டாலருக்கு ஒன்று விற்றால் யூனிட்டியில் நமக்கு 7 டாலர், ஃபேப்பில் 8.80 டாலர். இட்ச்.ஐஓ தளத்தில் அவர்கள் பங்கை நாமே முடிவு செய்யலாம். நாம் மாற்றாவிட்டால் 10 சதவீதம். வரியும் பணம் வந்து சேரும் கட்டணமும் தனி.

செய்வதற்கான மென்பொருள்கள் இலவசம். முப்பரிமாண உருவங்களுக்கு பிளெண்டர், படம் வரைய கிரிட்டா, ஒலிக்கு ஆடாசிட்டி. ஆகவே பெற்றோர்களே, பெரும் தொகை கேட்கும் பயிற்சிக்காக நகையை அடகு வைக்காதீர்கள். வீட்டில் இருக்கும் கம்ப்யூட்டரிலேயே தொடங்கட்டும். வெளியே வேலைக்குப் போக முடியாத நம் பெண்பிள்ளைகளுக்கும் இது பொருந்தும்.

இளைஞர்களே, அழகான ஒற்றை நாற்காலியை வாங்க ஆள் குறைவு. முழுத் தொகுப்பைத்தான் தேடுகிறார்கள். நம் ஊர் டீக்கடையை எடுத்துக்கொள்ளுங்கள். பெஞ்ச், பாய்லர், கிளாஸ், பிஸ்கட் பாட்டில், பெயர்ப்பலகை எல்லாம் ஒரே பாணியில், ஒன்றுக்கொன்று சரியான அளவில் இருக்க வேண்டும். கோப்புகளுக்குப் புரியும் பெயர் வையுங்கள். எப்படிப் பயன்படுத்துவது என்று எளிய ஆங்கிலத்தில் எழுதுங்கள். வாங்குகிறவர் காசு கொடுப்பது தன் நேரம் மிச்சமாவதற்காகத்தான்.

முக்கியமான விஷயம் நேர்மை. அடுத்தவர் கேமிலிருந்து உருவிய உருவத்தையோ, எங்கோ இறக்கிய ஒலியையோ நம்முடையது என்று விற்பது திருட்டு. அதை நம்பி வாங்கியவரின் கேமும் சிக்கலில் மாட்டும். ‘இலவசம்’ என்று போட்டிருந்தாலே மறுபடி விற்கும் உரிமை வந்துவிடாது. உரிம விதியைப் படியுங்கள். ஏஐ கொண்டு செய்திருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள். இந்தச் சந்தைகள் அதைக் கேட்கின்றன.

நாம் செய்த பொருள் எந்த மாதிரி கேமில் போய்ச் சேருமோ என்ற கேள்வி சிலருக்கு வரும். நியாயமான கேள்வி. மரம், கட்டடம், ஒலி போன்ற பொதுவான பொருள்களையே தேர்ந்தெடுங்கள். சந்தேகம் இருந்தால் தொடங்கும் முன் ஆலிம்களிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள்.

இதை மாதச் சம்பளமாக எண்ணிவிடாதீர்கள். பல மாதம் ஒன்றுகூட விற்காமல் போகலாம். தரமான அசெட்களை இலவசமாகவே கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களோடும் போட்டி உண்டு. விற்ற பிறகும் வாங்கியவரின் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். மென்பொருள் மாறும்போது திருத்தித் தர வேண்டும். எனவே கையில் இருக்கும் வேலையை விடாமல், தினமும் இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். கணக்கை உண்மைப் பெயரில் தொடங்குங்கள். அவர்கள் கேட்கும் அமெரிக்க வரிப் படிவத்தைச் சரியாக நிரப்புங்கள். வருமானத்தை நம் நாட்டு வரிக் கணக்கிலும் காட்டுங்கள்.

பெற்றோர்களே, “எவ்வளவு சம்பாதித்தாய்?” என்று முதல் மாதமே கேட்காதீர்கள். “எதைச் செய்து முடித்தாய், காட்டு” என்று கேளுங்கள். ஒன்றை முழுதாகச் செய்து முடித்த பிள்ளைக்கு, அது விற்காவிட்டாலும், வேலை கேட்டுப் போகும் இடத்தில் காட்ட ஒரு பொருள் கையில் இருக்கும்.

நம் பிள்ளைகளின் உழைப்பில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக. வஸ்ஸலாம்.